ஹைட்ரஜன் காரா, பேட்டரி காரா?

ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் காரின் புதிய மாடலில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். நிரப்ப ஐந்து நிமிடம், ஓட்டம் 640 கிலோமீட்டருக்கு மேல். புகைக்குப் பதில் தண்ணீர்தான் சொட்டும். அதை ஒரேயடியாக வெளியேற்ற டேஷ்போர்டில் தனி பட்டனே உண்டு. வேகமாக சார்ஜ் ஏற்றினாலும் அரைமணி நேரம் காத்திருக்கும் பேட்டரி கார்க்காரருக்கு இதைப் பார்த்தால் பொறாமை வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதில் மிராய் 115 கிலோமீட்டர் போகும். அதே 55 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் நடுத்தர கார் ஒன்று 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இங்கேயே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிடுகிறது.

அப்புறம் பங்க். கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை ஷெல் எண்ணெய் நிறுவனம் 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. திறந்திருக்கும் இடத்திலும் ஒரு வேடிக்கை: வாயுவை மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து ஏற்றுவதால், சில நேரம் குழாய்முனை காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பனி இளகும்வரை நிற்க வேண்டியதுதான். பேட்டரி காருக்கு வீட்டு ப்ளக் பாயிண்ட் போதும்.