செஃப்எஃப்எஸ் விமர்சனம்: அனுமதி மறுக்கப்படும்போது எங்கே பார்ப்பது

பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கோப்பு அமைப்பாகக் காட்டும் திறந்த மூல மென்பொருள்களில் செஃப்எஃப்எஸ் இன்று முன்வரிசையில் நிற்கிறது. சான்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த ஆராய்ச்சியில் பிறந்த செஃப் எனும் சேமிப்பு மென்பொருளின் ஓர் அங்கம் இது. 2016-இல் வந்த ஜுவல் வெளியீட்டில்தான் செஃப்எஃப்எஸ் நிலையானது என்று அறிவித்தார்கள். வேகத்தைப் பற்றியும் டிஸ்க் பழுதானால் தானே மீள்வதைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. அனுமதிகளைப் பற்றித் தமிழில் அதிகம் இல்லை. நிர்வாகியின் நேரத்தை விழுங்குவதோ அதுதான்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது மூன்று சோதனைகள் நடக்கின்றன. ஒன்று, உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வழக்கமான லினக்ஸ் உரிமை. அடுத்தது எம்டிஎஸ் எனும் மெட்டாடேட்டா சர்வர். பெயர்களையும் டைரக்டரிகளையும் அதுதான் வைத்திருக்கிறது. கிளையன்ட்டின் (கோப்புகளைப் பயன்படுத்தும் கணினியின்) சாவி எந்தப் பாதைவரை செல்லும் என்றும் அதுவே பார்க்கிறது. கடைசியாக ஓஎஸ்டி, அதாவது டிஸ்க்கில் தரவை வைத்திருக்கும் சேவை. கோப்பின் உள்ளடக்கம் கிடக்கும் பூலை, அதாவது சேமிப்புப் பிரிவை, தொட இந்தச் சாவிக்கு உரிமை உண்டா என்று அது தனியாகச் சோதிக்கும். சாவியோடு வரும் இந்த உரிமைகளைக் கேப்ஸ் என்கிறார்கள். கேப்ஸ் இல்லையென்றால் கிளையன்ட் கணினியின் ரூட் எனும் தலைமைப் பயனருக்கும் அனுமதி கிடையாது. கோப்பு திறக்கவில்லை என்றதும் எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777 போடுவது பலருக்குக் கைப்பழக்கம். கேப்ஸ் சிக்கலில் அது எதையும் தீர்க்காது, இருந்த பாதுகாப்பையும் கெடுத்துவிடும்.

இந்த மென்பொருள்மீது என் முதல் குறை, எந்தச் சோதனையில் தடுக்கப்பட்டோம் என்று அது நேராகச் சொல்வதில்லை என்பதுதான். ஆனால் பிழைச் செய்தியைக் கவனித்தால் துப்பு கிடைக்கும். 'பெர்மிஷன் டினைட்', அதாவது பிழை எண் 13 வந்தால், லினக்ஸ் உரிமையையோ எம்டிஎஸ் கேப்ஸையோ பாருங்கள். கோப்பைப் படிக்கும்போதோ எழுதும்போதோ 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்', அதாவது பிழை எண் 1 வந்தால், ஓஎஸ்டி கேப்ஸைச் சந்தேகியுங்கள். உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் போன்ற கட்டளையை ரூட் அல்லாதவர் கொடுத்தாலும் இதே 1 வரும் என்பதால், படிக்கும், எழுதும் இடத்தில் வந்தால் மட்டும் இந்த முடிவுக்கு வாருங்கள்.

ஓஎஸ்டி கேப்ஸ் இல்லாத நிலைதான் ஆளைக் குழப்பும். எல்எஸ் வேலை செய்யும், புது டைரக்டரி உருவாகும், டச் கொடுத்தால் வெறும் கோப்பும் பிறக்கும். இவை எல்லாம் எம்டிஎஸ்ஸோடு முடிகிற வேலைகள். ஒரு வரி எழுதப் போனால்தான் பிழை 1. பழைய கிளஸ்டர்களில் (செஃப் ஓடும் சர்வர் தொகுதிகளில்) இதற்குப் பொதுவான காரணம், ஓஎஸ்டி கேப்ஸில் பூலின் பெயரை நேராக எழுதிவைத்திருப்பது. பின்னாளில் புதிய டேட்டா பூலைச் சேர்த்து ஒரு டைரக்டரியை அதற்குத் திருப்பிவிட்டால், அந்த டைரக்டரியில் மட்டும் எழுத முடியாது. பூல் பெயருக்குப் பதிலாக 'அலவ் ஆர்டபிள்யூ டேக் செஃப்எஃப்எஸ் டேட்டா=' என்று எழுதி, கோப்பு அமைப்பின் பெயரைக் கொடுத்துவிட்டால் இனிமேல் சேரும் பூல்களும் அதில் அடங்கும்.

சோதிக்கும்போது முதல் கட்டளை 'செஃப் ஆத் கெட் கிளையன்ட்.கணக்கு'. 'கணக்கு' என்பது இங்கே சாவியின் பெயர். கட்டளை காட்டும் விடையில் மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கும் சேவை), எம்டிஎஸ், ஓஎஸ்டி மூன்றுக்கும் வரி இருக்க வேண்டும். எம்டிஎஸ் வரியில் பாதை '/கணக்கு' என்றிருக்க, நீங்கள் வெறும் '/' என்று மவுன்ட் செய்தால், அதாவது கணினியோடு இணைத்தால், பிழை 13 வரும். மவுன்ட் கட்டளையிலும் அதே பாதையைக் கொடுங்கள். கோட்டா (இட வரம்பு) வைக்க வேண்டுமானால் எம்டிஎஸ் வரியில் 'பி' என்ற கொடி வேண்டும், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுக்க 'எஸ்' வேண்டும். படிக்க, எழுத உரிமை தரும் ஆர்டபிள்யூவுக்குப் பின்வரும் கொடிகள் ஆங்கில அகர வரிசையில் இருக்க வேண்டும்: ஆர்டபிள்யூபிஎஸ்.

திருத்தும்போதுதான் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. 'செஃப் ஆத் கேப்ஸ்' கட்டளை ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்காது, முழுவதையும் அழித்துவிட்டு நீங்கள் கொடுத்ததை மட்டும் வைக்கும். எம்டிஎஸ் வரியை மட்டும் திருத்துவதாக எண்ணி அதை மட்டும் கொடுத்தால், மானிட்டர் வரியும் ஓஎஸ்டி வரியும் காணாமல் போய்விடும். பழையதை நகலெடுத்துவைத்து, மூன்று வரிகளையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். புதிய சாவி என்றால் 'செஃப் எஃப்எஸ் ஆத்தரைஸ்' போதும், மூன்றையும் அதுவே சரியாக எழுதும். ஆனால் அதே பெயரில் வேறு கேப்ஸோடு சாவி இருந்தால் பழைய வெளியீடுகளில் இது பிழை காட்டி நின்றுவிடும். கேப்ஸை மாற்றிய பின் கிளையன்ட்டில் அன்மவுன்ட் செய்து மீண்டும் மவுன்ட் செய்யுங்கள். கிளையன்ட் ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டின், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டின், ஆயுள் இயல்பாக ஒரு மணி நேரம் என்பதால், மாற்றம் பலிக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி திருத்துகிறவர்கள் உண்டு.

கேப்ஸ் சரியாக இருந்தும் சாதாரணப் பயனரால் எழுத முடியவில்லையா? புதிய கோப்பு அமைப்பின் மேல்நிலை டைரக்டரி ரூட்டுக்குச் சொந்தம், உரிமை 755. ஒரு துணை டைரக்டரி உருவாக்கி அதன் உரிமையை மாற்றிக்கொடுங்கள். செஃப்எஃப்எஸ் பெயர்களைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. ஒரு கணினியில் 1001 என்பவர் இன்னொன்றில் வேறு ஆளாக இருந்தால் உரிமை தவறானவர் கைக்குப் போகும். எல்லாக் கணினிகளிலும் ஒரே எல்டாப் (பயனர் பட்டியலை ஓரிடத்தில் வைக்கும் சேவை) இருப்பது நல்லது. லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள கிளையன்ட்டில் ஏசிஎல் (தனித்தனிப் பயனருக்கான உரிமைப் பட்டியல்) தானாக இயங்கும். கெர்னலுக்கு வெளியே ஓடும் செஃப்-ஃபியூஸில் 'கிளையன்ட் ஏசிஎல் டைப்' என்பதை பாசிக்ஸ் ஏசிஎல் என்று மாற்றி, 'ஃபியூஸ் டிஃபால்ட் பெர்மிஷன்ஸ்' என்பதையும் அணைக்க வேண்டும். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பாதுகாப்பில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதைக் கட்டுப்பாட்டை எம்டிஎஸ் மட்டுமே அறியும். '/கணக்கு'க்கு மட்டும் உரிமை பெற்ற சாவியை வைத்திருப்பவர், ஓஎஸ்டியோடு நேரடியாகப் பேசினால் அதே பூலில் இருக்கும் மற்றத் துறைகளின் தரவையும் தொட முடியும். ஒன்றையொன்று நம்பாத இரு குழுக்களுக்கு ஒரே கிளஸ்டரைக் கொடுப்பதென்றால், டைரக்டரி லேஅவுட்டில் (தரவு எங்கே சேர வேண்டும் என்ற அமைப்பில்) தனி நேம்ஸ்பேஸ், அதாவது பூலுக்குள் ஒரு தனிப் பகுதி, வைத்து, ஓஎஸ்டி கேப்ஸிலும் அதையே எழுதுங்கள். இதைத் தானாகச் செய்யாதது இந்த மென்பொருளின் குறை என்றே சொல்வேன். சாவி கணினிக்கு உரியது, மனிதருக்கு அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஊழியர்கள் தங்கள் மடிக்கணினியில் ரூட்டாக இருக்கும் அலுவலகத்தில் செஃப்எஃப்எஸ்ஸை நேரடியாக மவுன்ட் செய்யக் கொடுக்கக் கூடாது. நடுவில் சாம்பா கேட்வே (கோப்புகளைப் பகிரும் இடைச் சர்வர்) வையுங்கள். நிர்வாகியின் கட்டுப்பாட்டிலுள்ள சர்வர்களுக்கு இதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். ஒரே சர்வரில் அடங்கும் தரவு என்றால் என்எஃப்எஸ் எனும் எளிய கோப்புப் பகிர்வே போதும்.

எம்டிஎஸ் கேப்ஸில் 'ரூட் ஸ்குவாஷ்' (ரூட் பயனர் எழுதுவதைத் தடுக்கும் விதி) சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கிளையன்ட்களைப் புதுப்பியுங்கள். அந்த வசதியை அறியாத பழைய கிளையன்ட்களில் எழுதிய தரவு இழக்கப்படும் அபாயம் உண்டு. புதிய வெளியீடுகள் இதற்கென்றே 'செஃப் ஹெல்த்' அறிக்கையில் ஒரு எச்சரிக்கை காட்டுகின்றன. அதை அமைதிப்படுத்தாமல், பட்டியலிட்ட கிளையன்ட்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து முடியுங்கள்.