காருக்கான இரட்டை கேஜ் செட்: ஏசி கேஸ் அடிப்பதற்கு முன் வாங்க வேண்டியது

கார் ஏசியில் குளிர் குறைந்ததும் "கேஸ் இறங்கியிருக்கும், அடிச்சுடலாம்" என்ற பதில்தான் முதலில் வரும். பெட்ரோல் போலச் செலவாகித் தீர்கிற பொருள் அல்ல அந்த கேஸ். மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரு கோடைக்கு அடித்தது அடுத்த கோடைக்குள் காலியானால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதோடு, கேஸ் சரியாக இருந்தும் குளிராமல் போக நாலைந்து காரணங்கள் உண்டு. கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்தான் கம்ப்ரஸர்; அது கேஸை உறிஞ்சும் பக்கம் லோ சைடு, தள்ளும் பக்கம் ஹை சைடு. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டின் அழுத்தமும் தெரிய வேண்டும். அதைக் காட்டுவதுதான் மேனிஃபோல்டு கேஜ் செட்.

சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருக்களிலும் ஆன்லைனிலும் விற்கும், ஆர்-134ஏ என்ற ஏசி கேஸுக்கான விலை குறைந்த செட்களைப் பற்றியது இந்த விமர்சனம். லோ சைடுக்கு நீலம், ஹை சைடுக்குச் சிவப்பு என்று இரண்டு கேஜ், மூன்று ஹோஸ், ஹோஸைக் காரின் ஏசி போர்ட்டில் மாட்ட இரண்டு குயிக் கப்ளர், பெரும்பாலும் கேஸ் கேனைத் திறக்க ஒரு கேன் டேப்பும் பெட்டியில் இருக்கும். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் தனியாக வாங்க வேண்டும்.

இதைவிட மலிவாக, கேனோடு ஒற்றை கேஜ் வைத்த டாப்-அப் கிட்டும் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். அது லோ சைடை மட்டும் பார்த்து, முள் பச்சைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் "கேஸ் ஏற்று" என்கிறது. கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிர வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருந்தாலும் லோ சைடு இறங்கத்தான் செய்யும். அதை நம்பி ஏற்றினால் கேஸ் அளவுக்கு மீறிப் போய் கம்ப்ரஸர்தான் அடிவாங்கும். கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்காத காரில் இதே முள் சிவப்புக்கு ஏறி, கேஸ் அதிகம் என்று காட்டும். உண்மையில் கேஸ் குறைவாக இருப்பதாலேயே பிரஷர் சுவிட்ச் கிளட்சை நிறுத்தி வைத்திருக்கலாம்.

இரட்டை கேஜ் செட்டில் எஞ்சின் ஓடாதபோதே ஒரு சோதனை செய்யலாம். கார் சில மணி நேரம் நிழலில் நின்ற பிறகு இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். 30 டிகிரி வெப்பநிலையில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. முள் 40-லேயே நின்றால் உள்ளே கேஸ் ஏறக்குறைய இல்லை. ஆனால் 97 வந்துவிட்டதால் கேஸ் முழுதாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அதே அழுத்தம்தான் வரும்.

பிறகு எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரிலும் புளோயரை அதிக வேகத்திலும் வைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். 30–35 டிகிரி வெயிலில் லோ சைடு 30–45, ஹை சைடு 180–250 பிஎஸ்ஐ என்றால் பொதுவாக நல்ல நிலை. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ ஏறி ஹை இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தள்ளவில்லை. லோ பூஜ்யத்துக்கும் கீழே வேக்கம் பக்கம் போய், ஹை மட்டும் இறங்காமல் நின்றால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு. நன்றாகக் குளிர்ந்துவிட்டு அரை மணியில் நின்று, கொஞ்சம் ஓய்வு கொடுத்ததும் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் புகுந்து வால்வில் பனிக்கட்டியாகிறது என்று சந்தேகப்படலாம்.

இரண்டுமே அதிகமாக இருந்தால் காரின் முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் மேல் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஹை சைடு சட்டென்று இறங்கினால் கோளாறு ஃபேனிலோ, கண்டென்சரில் படிந்த தூசியிலோ இருக்கலாம். பெரிதாக இறங்காவிட்டால் கேஸ் அதிகம், இல்லையேல் காற்று கலந்திருக்கிறது. அப்போது கேஸை வெளியே திறந்துவிடாமல் கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷின் இருக்கும் கடைக்குப் போங்கள். ஆர்-134ஏ புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது.

இரண்டு அளவும் சரி, காற்று மட்டும் சூடாக வருகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளெண்ட் டோரைப் பாருங்கள். காற்றே மெதுவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டிலும் கேஸுக்கு வேலை இல்லை.

கசிவை அடைத்து, பிரித்த இணைப்புகளில் புது ஓ-ரிங்கும் டிரையரும் போட்ட பிறகு, குறைந்தது 30 நிமிஷம் வேக்கம் இழுங்கள். கேஜ் செட்டின் இரண்டு வால்வையும் மூடி 15 நிமிஷம் காத்திருங்கள். முள் ஏறினால் இன்னும் கசிகிறது. அசையாவிட்டாலும் நுண்ணிய கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது, இந்த கேஜில் அந்த அளவு துல்லியம் கிடையாது. கேஸ் அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் 350–500 கிராம். கேனைச் சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நிமிர்த்தி வைத்து, எடை குறைவதைப் பார்த்தபடி ஏற்றுவதே சரி. கவிழ்த்தால் திரவம் கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது நீல வால்வை மட்டும் திறங்கள். சிவப்பைத் திறந்தால் ஹை சைடு அழுத்தம் கேனுக்குத் திரும்பி, கேன் வெடிக்கலாம்.

செட்டின் பலவீனம் கப்ளர்தான். திருகியை இடப்பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, காலரை இழுத்து போர்ட்டில் அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும். அதன் பிறகே வலப்பக்கம் திருப்ப வேண்டும். முதலிலேயே திருப்பியிருந்தால் உள்ளே இருக்கும் ஊசி போர்ட் வால்வில் மோதி, கேஸ் பீய்ச்சி விரலை உறைய வைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். மலிவு கப்ளரின் ஓ-ரிங் சீக்கிரம் வறண்டுவிடும், ஒரு சொட்டு பிஏஜி ஆயில் தடவினால் உழைக்கும்.

புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப்புக்கு இந்தச் செட் பொருந்தாது, போர்ட்டே வேறு. அடாப்டர் போட்டு மாட்டவும் வேண்டாம், அந்த கேஸ் தீப்பற்றக்கூடியது.

கடையில் காசு கொடுக்கும் முன் இரண்டு முள்ளும் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் முகக் கண்ணாடியைக் கழற்றி, டயலில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். அந்த ஸ்குரூ இல்லாத கேஜை வாங்காதீர்கள். கேன் டேப்பின் மரை நீங்கள் வாங்கும் கேனில் ஏறுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். ஹோஸ் முனை வாஷர் நாலைந்து கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், அதுதான் முதலில் தேயும்.