கணவருக்குப் பின் வரும் பி.எஃப். பென்ஷன்: எங்கள் வீட்டு அனுபவம்

என் அக்காவின் கணவர் நூற்பாலைத் தொழிலாளி. பணியில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பற்றி விசாரிக்கப் போனபோது, அத்தானின் கணக்கில் சேர்ந்திருக்கும் பணம் கிடைக்கும் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவருடன் வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். உண்மையில் குடும்பத்துக்கு உரியவை மூன்று: சேமிப்புத் தொகை, 1976-ஆம் ஆண்டுத் திட்டப்படி வரும் காப்பீடு, 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி மாதந்தோறும் வரும் பென்ஷன்.

இந்தப் பென்ஷன் திட்டத்தில் என்னை நெகிழ வைத்த விதி ஒன்று உண்டு. தொழிலாளி தனக்கென மாதப் பென்ஷன் பெற வேண்டுமானால் பத்து ஆண்டுப் பணி வேண்டும். ஆனால் பணிக்காலத்தில் அவர் இறந்துவிட்டால், ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலும் மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் பென்ஷன் உண்டு. வேலைக்குப் போன மனைவி இறந்தால் கணவருக்கும் அப்படியே. அத்துடன், மனைவி பெறும் தொகையில் 25 விழுக்காடு வீதம், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்கள் 25 வயதை எட்டும் வரை தனியாக வருகிறது.

காப்பீட்டுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை; முதலாளியே கட்டுகிறார். அதனால்தானோ என்னவோ, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2021 முதல் அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். அக்கா கடனை அடைத்து நிமிர்ந்தது இந்தப் பணத்தால்தான்.

எங்களுக்குத் தாமதம் நேர்ந்தது ஆவணங்களில். அத்தான் திருமணத்துக்கு முன் தன் தாயாரை நாமினியாக, அதாவது தனக்குப் பின் பணத்தைப் பெறுபவராக, எழுதியிருந்தார். திருமணமானதும் அந்த நியமனம் செல்லாது என்பது விதி. புதிதாக அவர் எழுதவே இல்லை. ஆகவே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, அக்காவின் ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தும், வங்கிப் புத்தகத்தில் அத்தானின் முதலெழுத்தும் இருந்தன. அந்த ஓர் எழுத்தைத் திருத்த, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் மாறி மாறி நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். ஆவணங்கள் சரியானபின் வேலை தடங்கலின்றி நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பென்ஷனுக்கு 10-டி, சேமிப்புக்கு 20, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப் என்று படிவ எண்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

குறை என்று பார்த்தால், தொகைதான் பெருங்குறை. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய், பிள்ளைக்கு 250 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். இன்றைய விலைவாசியில் ஆயிரம் ரூபாயில் ஒரு சமையல் எரிவாயு உருளை வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்? குறைந்தபட்சத்தைவிட அக்காவுக்குக் கூடுதலாகவே வருகிறது. ஆனால் பிள்ளைகளின் பங்கைச் சேர்த்தும் அது வீட்டு வாடகையைத் தாண்டவில்லை. மறுமணம் செய்துகொண்டால் மனைவியின் பென்ஷன் நின்றுவிடும் என்ற விதியும் எனக்கு ஒப்பவில்லை. இளவயதில் கணவனை இழந்தவள் புது வாழ்க்கைக்கும் மாத வருமானத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவளை நிறுத்துவது நியாயமில்லை.

2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷனைப் பெறலாம் என்றாகியிருப்பது, பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்குப் பேருதவி. பென்ஷன் பெறுபவர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் வாழ்வுச் சான்றையும் நவம்பரில்தான் தர வேண்டும் என்பதில்லை. தந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். அக்கா இப்போது முகத்தைக் காட்டிக் கைப்பேசியிலேயே அதைப் பதிவு செய்துவிடுகிறாள். அடுத்த பதிவுக்கான தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.