சுங்கை சிப்புட் மாடிக் கடை: சாமியாருக்கு ஆசை வாங்கின கதை

30 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து, கதை ஆட்டத்துல நான் எழுதி ஆடற ஒரு சாமியார் கேரக்டருக்கு ஆசை வாங்கிட்டு வந்திருக்கேன், அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. சிரிக்கணும்னா முழுசா படிச்சிட்டு சிரிங்க லா.

கடை மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் டவுன்ல, ஒரு போட்டோஸ்டாட் கடைக்கு மேல்மாடி. போர்டு சின்னதா இருக்கும், கீழ நின்னு காது குடுத்தா பகடை உருள்ற சத்தம் கேக்கும், அதான் அடையாளம். போர்ட் கேம் வாடகைக்கு குடுக்கறாங்க, சனிக்கெழம டேபிள் போட்டு ரோல்பிளே ஆட்டம், அதான் ஆளுக்கொரு கேரக்டரா மாறி கதைய நடத்தற ஆட்டம், நடத்தறாங்க. அது போக இன்னொரு சர்வீஸ் இருக்கு, நாம எழுதற கேரக்டர கொண்டு போனா கடைக்கார அக்கா ரெண்டு மணி நேரம் உக்காந்து அத அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சி கேள்வி கேப்பாங்க. தனியா போனா 30 வெள்ளி, மூனு பேரு நாலு பேரா சேந்து போனா தலைக்கு 15, ஒரு தண்ணி ஃப்ரீ. இந்த மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் ஈப்போ, இல்லாட்டி கோலாலம்பூர் வரைக்கும் ஓடணும்னு நெனச்சிட்டு இருந்த எனக்கு, செம்பனத் தோட்டத்த தாண்டி பைக்ல போய்ட்டு வர்ற தூரத்துல கெடச்சதே பெரிய விஷயம்.

எனக்கு என்ன பிரச்சனன்னா, எங்க குரூப்பு தமிழ்ல எழுதி ஆடற குரூப்பு, பகடை கம்மி, கதை நெறைய. என் ஆளு மாறன், கம்பு சுத்தற துறவி, மலை மேல ஒரு மடத்துல வளந்தவன், தனக்குன்னு ஒன்னும் வச்சிக்க மாட்டான், யாருக்கு ஆபத்துன்னாலும் முன்னாடி போய் நிப்பான். கேக்க நல்லாத்தான் இருக்கும். எழுதிப் பாருங்க தெரியும். மத்தவன் கேரக்டருக்கெல்லாம் ஏதாச்சும் வேணும், திருடனுக்கு காசு வேணும், சூனியக்காரிக்கு தொலைஞ்சு போன தங்கச்சி வேணும், என் ஆளுகிட்ட வந்து நீ என்னப்பா பண்ணப் போறன்னு கேட்டா "உங்களுக்கு எது சரியோ அதுவே எனக்கும்"னு கைய கட்டிட்டு நிப்பான். கடைசில எல்லாரும் அவன பாடிகார்ட் சாமின்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டானுங்க, அடிபட்டா கட்டு போடறதுக்கும் கதவ ஒதைக்கறதுக்கும் மட்டும் அவன் பேரு வரும்.

அக்கா முன்னாடி டீச்சரா இருந்திருப்பாங்களோ என்னமோ, கேள்வி கேக்கற விதம் அப்படி. அவனுக்கு என்ன வேணும்னு கேக்கவே இல்ல. மொத கேள்வி, "தம்பி, போன வாரம் இவன் யாருக்கு இல்லன்னு சொன்னான்?" நான் யாருக்கும் சொல்ல மாட்டான் அக்கா, அதானே கேரக்டரேன்னேன். "ஒரே நாள்ல ரெண்டு ஊர்ல இருந்து ஆள் வந்து கூப்பிட்டா? ஒரு ஊருக்கு போறான்னாலே இன்னொரு ஊருக்கு இல்லன்னு சொல்லிட்டான், வாயத் தொறந்து சொல்லல, அவ்ளோதான்"னாங்க. அங்கயே நமக்கு பாதி வெலங்கிடுச்சு. எல்லாருக்கும் நல்லது பண்றவன்னு ஒருத்தன் கெடையாது, நேரமும் ஒடம்பும் ஒன்னுதான், அப்ப யாரு மொதல்லங்கிற கணக்கு அவனுக்குள்ள ஓடிட்டுத்தான் இருக்கும், நாமதான் அத எழுதாம விட்டிருக்கோம்.

அடுத்தது, உலகத்த காப்பாத்தணும், தீமைய அழிக்கணும் இதெல்லாம் அந்த டேபிள்ல தடை. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுல சொல்லுன்னாங்க. எத்தன குடும்பம், எந்தத் தேதிக்குள்ள, என்ன வெல. இதுக்கு அவங்க குடுத்த உதாரணம்தான் என்ன பிடிச்சி உக்கார வச்சுது, ஏன்னா நம்ம ஊரு சமாச்சாரம். 1950கள்ல வெள்ளக்காரன் தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு போனப்ப லயத்துல இருந்த சனம் வேலையும் போய் வீடும் போய் நின்னுச்சில்ல, அப்ப இந்த ஊரு எம்பி துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சி, தொழிலாளிங்ககிட்டயே சிறுகச் சிறுக பங்குப் பணம் வாங்கி, அந்தக் காசுல தோட்டத்தையே வாங்கினாங்க. "மக்களுக்கு சேவை செய்யணும்னு சொன்னா அது வெறும் பேச்சு, இன்ன தோட்டம், இன்ன வெல, அது துண்டாகறதுக்குள்ள இத்தன பேருகிட்ட பணம்னு சொன்னாதான் அது வேலை"ன்னாங்க அக்கா. நான் படிச்ச தமிழ்ப்பள்ளில சம்பந்தன் பேர பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணதோட சரி, ரோல்பிளே டேபிள்ல வந்து நிப்பாருன்னு யாரு நெனச்சா.

சரின்னு மாறனுக்கும் அதே மாதிரி ஒன்னு போட்டோம். மலையடிவாரத்துல குத்தகைக்கு உழற சனத்தோட நெல்லுக் களஞ்சியத்த ஜமீன் விக்கப் போறான், அறுவடைக்கு முன்னாடி அவங்களே சேந்து அத வாங்கணும். இங்கதான் அக்காவோட வெளையாட்டு. மாறன பத்தி வெவரம் எழுதி வச்ச தாள், என் கேரக்டர் ஷீட்ட திருப்பிப் பாத்து, "இவன் காசத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணவன்னு எழுதியிருக்கியே"ன்னாங்க. நான் அத சும்மா அழகுக்கு எழுதினது. தேரவாத பிக்குகளுக்கு பொன் வெள்ளி கையில வாங்கக்கூடாதுன்னு விதியே உண்டு, அந்த ஞாபகத்துல போட்டது. இப்ப பாருங்க, காசத் தொடாதவன் காசு சேக்கணும். அவனால தனியா முடியவே முடியாது. யாராச்சும் பைய புடிக்கணும், யாராச்சும் கணக்கு எழுதணும், வீட்டுக்கு வீடு போய் அவன் வாயால கேக்கணும்.

என்னப் பொறுத்தவரைக்கும் அந்த 30 வெள்ளிக்கு கெடச்ச சரக்கு இதுதான். தனக்கு ஒன்னும் வேணாம்ங்கிற ஆளு ஏன் கதையில போர் அடிக்கிறான்னா அவனுக்கு அடுத்தவன் தேவையே இல்ல. கொடுத்துட்டே இருப்பான், கேக்க மாட்டான். கேக்க வேண்டிய எடத்துல அவன நிறுத்திட்டா போதும், பிச்சப் பாத்திரம் தூக்கற துறவிக்கு இது புதுசும் இல்லையே. இத இத்தன நாளா எங்க குரூப்புல ஒருத்தனும் யோசிக்கல, நான் உட்பட.

சண்ட போடற துறவிங்கன்னா எப்பவும் தூய்மையா பறந்து பறந்து அடிப்பாங்கன்னு நெனப்போம்ல, அதையும் அக்கா ஒடச்சி விட்டாங்க. சீனாவுல சாவ்லின் மடத்து துறவிங்க 621ல, பின்னாடி தாங் வம்சத்து பேரரசனான லி ஷிமினுக்கு உதவியா சண்டைல எறங்கினது அங்க இருக்கற கல்வெட்டுலயே இருக்கு, ஆனா காரணம் என்னன்னா எதிராளி வாங் ஷிச்சோங் மடத்தோட பண்ணை நிலத்த பிடிச்சி வச்சிருந்தான். அவன் ஆளுங்கள வெரட்டி, அவன் அண்ணன் தம்பி மகனையும் பிடிச்சிக் குடுத்தாங்க, அதுக்கு பரிசா நெலமும் ஒரு தண்ணி ஆலையும் கெடச்சுது. தோட்டத் தகராறு லா! ஜப்பான்ல ஹியேய் மலை துறவிப் படையும் அப்படித்தான், மடத்தோட செல்வாக்குக்கு சண்ட போட்டே வளந்தவங்க, 1571ல ஓடா நோபுனாகா மொத்தமா எரிச்சி விட்டான். தனி ஆளு தன்னலம் இல்லாதவனா இருக்கலாம், அவன் மடத்துக்கு நலம் இருக்கும். மடாதிபதி கிட்டங்கிய காவல் காக்க சொல்றப்ப வெளிய ஊரு பட்டினி கெடந்தா உங்க ஆளு எந்தப் பக்கம் நிப்பான்? இத மட்டும் வச்சி மூனு மாசம் எழுதலாம்.

இன்னொன்னும் சொன்னாங்க, ஒரு தடவ முடிக்கற வேலை ஒன்னு, முடியவே முடியாத வேலை ஒன்னு, ரெண்டும் வேணும்னு. வள்ளலார் 1867ல வடலூர் தருமசாலையில பத்த வச்ச அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது, அந்த மாதிரி தெனமும் பாத்துக்க வேண்டிய ஒரு கடமை. மாறனுக்கு மடத்துல படுத்த படுக்கையா ஒரு கெழவர், தெனம் கஞ்சி ஊட்டணும். அப்ப களஞ்சியத்துக்காக ஊர் ஊரா போனா கெழவர யாரு பாக்கறது? ரெண்டும் நல்லதுதான், ரெண்டும் ஒரே பொழுதுல கூப்பிடும். கெட்டவன் ஒருத்தன் வந்து நின்னாதான் பிரச்சன வரும்னு இல்லன்னு அன்னிக்குத்தான் வெலங்குச்சு.

சரி, கொறைக்கு வருவோம். அவங்களே அச்சடிச்சி 18 வெள்ளிக்கு விக்கற கேள்வி அட்டைக் கட்டு இருக்கு, வாங்காதீங்க. பாதி அட்டைல குருவ கொன்னுட்டாங்க, ஊர எரிச்சிட்டாங்க, தாயத்த திருடிட்டாங்க. இதெல்லாம் பழி வாங்கற கதைக்கு காவி கட்டி விட்டது, வாய்விட்டு அவ்ளோ நல்லா கேக்கற அக்கா அட்டைல ஏன் இப்படி எழுதினாங்கன்னு எனக்கு புரியல. கேட்டேன், பழைய ஸ்டாக்குன்னாங்க.

அங்க பயன்படுத்தற கேரக்டர் ஷீட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற ரோல்பிளே ஆட்டத்தோட 2014 பதிப்ப வச்சி பண்ணது, கொள்கை, பந்தம், குறைன்னு தனித்தனி கட்டம் போட்டிருக்கும். 2024 பதிப்புல பின்னணியோட வர்ற அந்தப் பட்டியல எடுத்துட்டாங்க, சண்ட போடற துறவியான மங்க் வகுப்போட சக்திக் கணக்கு 'கீ' பாயிண்டுக்கும் 'ஃபோகஸ்' பாயிண்டுன்னு பேர மாத்திட்டாங்க. புதுசுதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு கடுப்பாகும், எழுதி ஆடற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த பழைய பந்தக் கட்டம்தான் சோறு போடுது, ஏன்னா அதுல ஒரு ஆளையோ, எடத்தையோ, சம்பவத்தையோ எழுதியே ஆகணும்.

ஏர்கோன் சத்தம் லாரி மாதிரி. பக்கத்து மாடில டியூஷன் நடக்குது, நீங்க சாமியாரோட மரண பயத்த பத்தி பேசிட்டு இருக்கறப்ப அந்தப் பக்கம் வாய்ப்பாடு சத்தம் வரும். மைலோ ஐஸ் பரவால்ல, மெகி கோரெங் வேணாம், கீழ எறங்கி மாமாக் கடைல சாப்பிட்டுக்கங்க.

அப்புறம் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க, அது எனக்கு பிடிக்கல, ஆனா சொல்லணும். "இவன் உயிர குடுக்க இவ்ளோ அவசரப்படறானே, அதுல இவனுக்கு என்ன கெடைக்குது?" நான் ஒன்னும் இல்லன்னு வாதாடினேன். அவங்க விடல. செத்து காட்டறதுல ஒரு போத இருக்கு, பெருமையும் இருக்கு, அந்த ஊர்ல ஒரு பொண்ணு வந்து "நீங்க எங்களுக்காக சாக வேணாம் சாமி, கம்பு பிடிக்க கத்துக் குடுங்க"ன்னு சொன்னா இவன் மொகம் எப்படி மாறும்னு எழுதிட்டு வான்னு வீட்டுப் பாடம் குடுத்து அனுப்பிட்டாங்க. தியாகத்த இப்படி கொடையறது கொஞ்சம் ஓவர்னுதான் இன்னும் நெனக்கறேன், எல்லா நல்லவனுக்குள்ளயும் ஒரு வீம்ப தேடணும்னு அவசியம் இல்ல. ஆனா அந்த சீன எழுதினேன், நல்லா வந்துச்சி, மாறன் சிலம்பத்தோட சலாம் வரிசை சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டான், நாலு பேரு கத்துக்கிட்டா தான் இல்லாமயும் களஞ்சியம் நிக்கும்னு அவனுக்கே தோணுது, அது அவனுக்கு சந்தோஷமா வருத்தமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல.

குரூப்புல என்ன ஆச்சின்னா, காசுப் பைய புடிக்க மாறன் போய் கேட்டது யார தெரியுமா, திருடன. வேற யாருக்கும் கணக்கு தெரியாது. திருடன எழுதற நண்பன் ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு கால் பண்ணி "டேய் நான் இப்ப இந்தக் காச அடிக்கறதா வேணாமா"ன்னு கேக்கறான். பாடிகார்ட் சாமிய வச்சி இப்படி ஒருத்தன் தூக்கம் கெடும்னு நான் நெனச்சதே இல்ல.

போறவங்களுக்கு: பழிவாங்கற வீரன், பணம் தேடற திருடன் மாதிரி கேரக்டர்னா 30 வெள்ளி தண்டம், அவனுங்களுக்கு ஆச தானா இருக்கும், குரூப் டேபிளே போதும். மங்க், குரு, டாக்டர், காவக்காரன் மாதிரி ஒன்னும் வேணாம்னு நிக்கற ஆளு வச்சிருந்தா தனி செஷன் எடுங்க. போறதுக்கு முன்னாடி மூனு நாலு சீன் எழுதி எடுத்துட்டு போங்க, வெறுங்கையோட போனா மொத ஒரு மணி நேரம் கதை சொல்றதுலயே போயிடும். சனிக்கெழம வேணாம், ஆட்டம் நடக்கும், அக்கா பாதில எழுந்து எழுந்து போவாங்க. படி ரொம்ப செங்குத்து, முட்டி வலி உள்ளவங்க கீழ இருந்து போன் அடிச்சா அக்காவே எறங்கி வந்து மாமாக் கடைல உக்காந்து பேசுவாங்க, ஆனா அப்ப அந்த ஃப்ரீ தண்ணி கெடையாது.