நைட்டி நன்று, நூல் எங்கிருந்து?

தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை. பருத்தி நைட்டி இரண்டு, 640 ரூபாய். மூன்று முறை துவைத்தும் சாயம் போகவில்லை, தையலும் உறுதி. கழுத்துப்பட்டியில் அளவு இருக்கிறது, எந்த ஆலை நூல் என்பது இல்லை. கேட்டேன். “திருப்பூர் சரக்கு அம்மா” என்றார் விற்பனைப் பெண்.

எனக்குத் திண்டுக்கல் பக்கம். ஆலையில் வேலை செய்தால் கல்யாணத்துக்குத் தொகை தருவோம், இது சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, எங்கள் தெருப் பெண்களை மூன்று ஆண்டுகள் நூற்பாலை விடுதியில் பூட்டிவைத்தார்கள். கல்யாணத் தொகை கடைசியில்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது! அதனால்தான் எந்த ஆலை நூல் என்று கேட்டேன்.

விற்பவருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தினார்கள். இங்கே முக்காலிகூட இல்லை. அந்தப் பெண் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நிற்கிறார்.

துணிக்கு நான்கு நட்சத்திரம், கடைக்கு ஒன்று. பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், ஏழு நாளில் மாற்றித் தருகிறார்கள்.