மழை முந்திக்கொண்டால்: கடைமடை நிலத்துக்கு 3 அங்குல பெட்ரோல் பம்ப்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். 2025-இல் 16-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. நான்கு நாள்தானே என்று தோன்றலாம். காவிரி வாய்க்கால்கள் முடியும் கடைமடையான திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில் அந்த நான்கு நாள் பெரிய விஷயம். அறுக்காத குறுவைக் கதிர் வயலில் நிற்கும். நேரடி விதைப்புச் சம்பா சாண் உயரம்தான் வந்திருக்கும். வடிகாலில் வெங்காயத்தாமரை அள்ளும் வேலை பாதியில் கிடக்கும். அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் பம்ப் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் 2 அங்குல வாய் உள்ள, பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப்தான் கிடைக்கிறது. தூக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் கடைமடையில் தேங்கிய தண்ணீரை வடிக்க அது சரியான அளவு இல்லை. 3 அங்குலம்தான் வாங்கவேண்டும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு அளவுக்கும் பல கம்பெனிகள் ஏறத்தாழ ஒரே எஞ்சினைத்தான் மாட்டுகின்றன, 163 சி.சி. வகை. 2 அங்குலத்தின் பெட்டியில் ‘மொத்த உயரம் 30 மீட்டர்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். 3 அங்குலத்தில் அது கொஞ்சம் குறையும். கிணற்றிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு ஏற்றுகிறவருக்கு அந்த உயரம் வேண்டும். நமக்கோ வயலிலிருந்து வரப்பைத் தாண்டி வடிகாலில் விட ஒன்றரை மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர் ஏற்றினால் போதும். வேண்டியது உயரம் இல்லை, தள்ளும் தண்ணீரின் அளவு. குழாய் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும்போது 2 அங்குல ஓஸில் ஏற்படும் உராய்வு இழப்பு 3 அங்குலத்தைப்போல ஏழு மடங்கு. பம்பின் உழைப்பில் பெரும்பங்கு ஓஸோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

6 மீட்டர் சக்சன் (உறிஞ்சும்) ஓஸ், 30 மீட்டர் டெலிவரி (வெளியே தள்ளும்) ஓஸ், இரண்டு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், 2 அங்குலத்தில் நிமிடத்துக்கு 400 லிட்டர் கிடைத்தால் நல்லது. 3 அங்குலம் 800 லிட்டர் தரும். பெட்டியில் 1000-க்கு மேல் போட்டிருப்பார்கள். அது ஏற்றமே இல்லாமல் எடுத்த கணக்கு. சரிபார்க்க 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். டெலிவரி முனையை அதில் விட்டு நேரம் பாருங்கள். 15 விநாடியில் நிறைந்தால் பம்பு நலமாக இருக்கிறது. 25 விநாடி ஆனால் எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 2 லட்சம் லிட்டர். 3 அங்குலத்தில் நான்கேகால் மணி நேர வேலை. மணிக்கு 1.3 லிட்டர் பெட்ரோல் என்று பார்த்தால் ஐந்தரை லிட்டர். 2 அங்குலத்தில் எட்டரை மணி நேரம். மா கணக்கில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) சொன்னால், ஒரு மாவுக்கு 3 அங்குலத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும்.

இதே கணக்கு பம்பின் எல்லையையும் காட்டிவிடும். 2022 நவம்பர் 11-இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. ஏக்கருக்கு ஏறத்தாழ 18 லட்சம் லிட்டர். அப்படிப்பட்ட நாளில் வடிகாலும் வயலும் ஒரே மட்டத்தில் நிற்கும், விட இடம் இருக்காது. இந்தப் பம்ப் 5 முதல் 15 செ.மீ. தேக்கத்துக்கானது. அதுவும் உங்கள் வரப்பு உங்கள் தண்ணீரைப் பக்கத்து வயல் தண்ணீரிலிருந்து பிரித்து வைத்திருந்தால்தான். நண்டு வளையையும் எலி வளையையும் அடைக்காமல் பம்ப் ஓட்டினால் இறைத்தது அப்படியே கசிந்து திரும்பி வரும். மழைக்கு முன்பே வரப்பை ஒரு அடி உயர்த்தி, வளைகளில் களிமண்ணை மிதித்து அடைத்துவிடுங்கள். கடலோரத்தில் வடிகால் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. கடல் ஏறியிருக்கும்போது தண்ணீரை வாங்காது, இறங்கும்போது வாங்கும். வடிகால் மட்டம் இறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் இறைத்தால் ஏற்றமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம்.

இனி பம்பைச் சொதசொதத்த நிலத்தில் வைக்கும் விஷயம். வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘பத்து நிமிஷம் ஓடுது, தானா நின்னுடுது, கார்பரேட்டர் கோளாறு’ என்று மெக்கானிக்கிடம் தூக்கிப்போவார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. நல்ல பம்புகளில் ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் உண்டு. ஈர மண்ணில் எஞ்சின் அதிர அதிர ஃபிரேமின் ஒரு பக்கம் சேற்றில் இறங்கும். பம்ப் சாயும், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், ஆயில் இல்லை என்று சென்சார் எஞ்சினை அணைத்துவிடும். பழைய லாரி டயரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி பலகையோ பனஞ்சட்டங்களைச் சேர்த்து அடித்த தட்டோ வைத்து, அதில் பம்பைக் கயிற்றால் கட்டுங்கள். டயர் அதிர்வை வாங்கிக்கொள்ளும், பாரத்தையும் பரப்பிவிடும். சக்கரம் வைத்த மாடலுக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். சேற்றில் அந்தச் சக்கரம் அரை அடி உருளாது. பம்ப் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். கம்பு கட்டி இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

மழையில் ஓட்டவேண்டும் என்றால் நாலு குச்சி நட்டு, பம்புக்கு மூன்றடி உயரத்தில் தார்ப்பாய் கட்டுங்கள். நனையக்கூடாதது ஏர் ஃபில்டர். தார்ப்பாயை எஞ்சின்மேல் நேரடியாகப் போர்த்தினால் சூட்டில் உருகும். கொட்டகைக்குள்ளோ வீட்டுத் தாழ்வாரத்திலோ வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணம் தெரியாமலே ஆளைக் கொல்லும்.

ஓஸ் தனி விலை. பம்பில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக்கூடாது. சக்சன் பக்கத்துக்குச் சுருள் வைத்த கெட்டியான பிவிசி ஓஸ்தான் வேண்டும். தட்டையாக மடங்கும் டெலிவரி ஓஸை அங்கே மாட்டினால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். கப்ளிங்குக்குள் ரப்பர் வாசர் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த வாசரிலும் தளர்ந்த கிளாம்பிலும் முடிகின்றன. தண்ணீர் சொட்டாத இடத்தில்கூடக் காற்று நுழையும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஓஸும் கப்ளிங்கும் சேரும் இடத்தில் இழுத்து இழுத்து நான்கு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை முறுக்கினால் காற்று நின்றுவிடும்.

ஓஸின் அடிமுனையில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வு இந்த வேலைக்கு வேண்டாம், வைக்கோலும் பாசியும் சிக்கித் திறந்தபடியே நின்றுவிடும். பம்பின் உறிஞ்சும் வாயிலேயே ரப்பர் நாக்கு ஒன்று இருக்கிறது, அது போதும். நிறுத்தியதும் தண்ணீர் முழுக்கத் திரும்பி ஓடுகிறது என்றால் அந்த நாக்கில் வைக்கோல் துரும்பு சிக்கியிருக்கும்.

சல்லடையைச் சேற்றில் நேராகப் போடாதீர்கள். வயலின் தாழ்ந்த மூலையில் மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வயலுக்குள்ளிருந்து சிறு வாய்க்கால்களை அதற்கு இழுத்துவிடுங்கள். குழிக்குள் மூங்கில் கூடை ஒன்றை இறக்கி, அதற்குள் சல்லடையைத் தொங்கவிடுங்கள், அடியைத் தொடாமல். தென்னம் பன்னாடையைச் சுற்றுகிறவர்களும் உண்டு. மணலைப் பிடிக்கும், ஆனால் அரை மணிக்கு ஒரு முறை அலசவேண்டும். கூடைக்கு அந்தத் தொல்லை இல்லை. சல்லடை தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருக்கவேண்டும். மட்டம் இறங்க இறங்க மேலே ஒரு சுழி விழும். ‘கொர்ர்’ என்ற சத்தம் கேட்டால் காற்று போகிறது என்று பொருள். சுழியின்மேல் ஒரு துண்டுப் பலகையை மிதக்கவிட்டால் சுழி உடைந்துவிடும், கடைசி அரை அடித் தண்ணீரையும் எடுத்துவிடலாம்.

புது எஞ்சின் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். 600 மில்லி, 10டபிள்யூ-30 ரக ஆயில், ஊற்றும் வாயின் விளிம்பைத் தொடும்வரை. இதை மறந்து கயிறு இழுத்துப் புது எஞ்சினை இறுகி நின்றுபோக வைத்தால் வாரண்டி கிடைக்காது. பிறகு பம்பின் மேல்மூடியைத் திறந்து கேசிங் (பம்பின் உட்கூடு) நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும், ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். கேசிங்கில் தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே, தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகிவிடும். இந்த ஏற்றத்துக்கு ஒன்று, இரண்டு நிமிடத்தில் தண்ணீர் பிடிக்கும். மூன்று நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். வறண்டு சூடேறிய பம்பில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. சீலின் பீங்கான் முகம் விரிசல் விடும். கை வைத்துப் பார்த்து, சூடு ஆறியபின் ஊற்றுங்கள். முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒரு முறை.

வாங்கும்போது பம்பின் வாயில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரும் அதைச் சுற்றிய சுருள் வடிவக் கூடும் வார்ப்பிரும்பாக இருக்கவேண்டும். விலை குறைந்தவற்றில் அவையும் அலுமினியமாக இருக்கும். வண்டல் கலந்த தண்ணீரில் அவை வேகமாகத் தேய்ந்து, எஞ்சின் நன்றாக ஓடியும் டிரம் நிறைய அரை நிமிடம் ஆகும் நிலைக்கு வந்துவிடும். ஒரு விளக்கம்: சாதாரண 3 அங்குலப் பம்ப் சிறு கல்லையும் துரும்பையும் தாங்கும், ஆனால் பெரிய குப்பையையும் சேர்த்துத் தள்ளும் ‘டிராஷ்’ பம்ப் அல்ல. இறால் குளம், உப்பங்கழிப் பக்கம் ஓட்டினால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அலுமினிய உடல் பூத்துப் பொரியும்.

மின் மோட்டார் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: புயல் நாளில் மின்சாரம் இருக்காது. 2018 நவம்பர் 16-இல் கஜா கரையைக் கடந்தபின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தேங்கிய தண்ணீரில் அறுந்த கம்பி கிடக்கிறதா என்று தெரியாமல் வயலில் இறங்கவே கூடாது. டீசல் ஆயில் எஞ்சின் இறைப்பில் பெட்ரோலைவிடச் சிக்கனம்தான், ஆனால் சேற்றில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பத்து ஏக்கருக்கு மேல் ஒரே பரப்பாக வடிக்கவேண்டியவர்களுக்கு இந்தப் பம்பும் போதாது. கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள வயல்களை வடிக்கும் ‘பெட்டியும் பறையும்’ போலக் குறைந்த ஏற்றத்தில் பேரளவு தள்ளும் பம்ப்தான் அதற்கு வழி. நாலைந்து பேர் சேர்ந்து டிராக்டரில் ஓடும் பம்பை வாடகைக்கு எடுக்கலாம்.

பம்ப் எடுப்பது மேலே நிற்கும் தண்ணீரை மட்டும்தான். களிமண்ணுக்குள் ஊறியது தானாக வடிய நாளாகும். எதை முதலில் வடிப்பது என்பதில் தயங்கக்கூடாது: பப்பாளி, அடுத்து வாழை, பிறகு காய்கறி, இளம் சம்பா, கடைசியில் தென்னை. பப்பாளி வேர் ஓரிரு நாள் தேக்கத்திலேயே அழுகத் தொடங்கும். தென்னந்தோப்பில் இரண்டு வரிசைக்கு ஒன்றாக ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தால் பம்பின் வேலை பாதியாகும். தண்ணீர் வடிந்த சம்பாவில் பயிர் வெளுத்து நின்றால் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இடுவது வேளாண் துறையின் பரிந்துரை. வயலில் தண்ணீர் நிற்கும்போதே யூரியாவை வீசினால் வடிகாலுக்குத்தான் உரம் போடுகிறீர்கள்.

தை பிறந்தபின் பம்பை மூலையில் வைக்குமுன் பெட்ரோலை முழுக்க வடித்து, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகையும் திறந்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கும். அடுத்த ஐப்பசியில் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் பிடிக்காததற்கு அதுவே காரணம். டெலிவரி ஓஸை வெயிலில் உலர்த்தி, சுருட்டி, விட்டத்தில் கம்பியால் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் எலி கடித்து வைக்கும். அந்த ஓட்டை மழை நாளில் தண்ணீர் விட்ட பிறகுதான் தெரியும்.