குல்மார்க்கா, குடாவுரியா? முதல் பனிச்சறுக்குக்கு ஒரு கைக்கணக்கு

முந்தைய வருடம் பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க், அடுத்த பிப்ரவரியில் ஜார்ஜியாவின் குடாவுரி. இரண்டுக்கும் ஏஜென்ட் யாரையும் பிடிக்காமல் நானே டிக்கெட் போட்டு, அறை பார்த்து, வண்டி பேசிப் போய்வந்தேன். இரண்டிலும் ஆறு இரவு தங்கல், ஐந்து பகல் பனிச்சறுக்கு என்பதுதான் திட்டம். முதல் பயணத்துக்கு முன்பே துபாயிலிருக்கும் மச்சான் போனில் சொன்னார்: "மாப்ள, மொத்தம் எவ்வளவு ஆகும்னு மட்டும் கூட்டாதீங்க. எத்தன நாள் நெசமாவே சறுக்குவீங்கன்னு பாத்து அதால வகுத்துப் பாருங்க." நான் கூட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். வகுத்துப் பார்க்க இரண்டாவது பயணம் தேவைப்பட்டது.

ஏஜென்ட் வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. காஷ்மீர் பேக்கேஜ் என்று சென்னையில் விற்பதில் குல்மார்க்குக்கு ஒரு பகல், மிஞ்சினால் ஓர் இரவு. கொண்டோலா எனும் கேபிள் காரில் ஏறி, வாடகைக் கோட்டோடு படம் எடுத்து, மறுநாள் தால் ஏரி. சறுக்கக் கற்க அது போதாது. முதல் நாள் முழுக்க விழுந்து எழுவதில் போகும். இரண்டாம் நாள் நிற்க வரும். காலிரண்டின் முனைகளைச் சேர்த்து, குதிகால்களை அகட்டி வேகத்தைக் குறைக்கும் வித்தை உண்டு. பயிற்சியாளர்கள் அதை ‘பீட்சா’ என்பார்கள். அது உடம்பில் ஊற மூன்றாம் நாள். ஒருவர் காசு கொடுத்து வாங்குவது நான்காம், ஐந்தாம் நாளைத்தான். முதல் மூன்று நாளும் அதற்கான முன்பணம்.

மலையை முதலில் பார்த்துவிடுவோம்.

குல்மார்க் பாராமுல்லா மாவட்டத்தில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா இரண்டு கட்டம். 1998-இல் வந்த முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டருக்குப் போகும். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுவிடும். உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருவது இந்த மேல்கட்டத்துக்காகத்தான். இயந்திரம் வைத்துச் சீர்செய்யாத, முழங்கால் புதையும் புதுப்பனி அங்கே. ரோந்துக்குழு காவல் காக்கும் பகுதியைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம் நிஜம். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அப்படித்தான் போனார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அஃபர்வாட்டில் செய்ய வேலை எதுவும் இல்லை, இறங்கி நின்று தூரத்து மலைகளைப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் கீழே வருவதைத் தவிர. நமக்கான இடம் கீழே, ஊர் நடுவிலிருக்கும் புல்வெளிச் சரிவு. சிறிய இழுவை லிஃப்ட், மெத்தென்ற பனி, ஆயாசமில்லாத சாய்வு. ஆனால் இரண்டே நிமிடத்தில் கீழே வந்துவிடுவோம். திரும்ப வரிசை. பக்கத்திலேயே ஸ்லெட்ஜ் இழுப்பவர்களின் கூவல்.

குடாவுரி திபிலிசியிலிருந்து 120 கிலோமீட்டர். லிஃப்ட்கள் சுமார் 1,990 மீட்டரில் தொடங்கி 3,270 வரை ஏறுகின்றன. இங்கே முக்கியமான வேறுபாடு உயரத்தில் இல்லை, இடையில் உள்ளதில். இரவில் இயந்திரம் ஓட்டித் தட்டி வைத்த பாதைகள் எழுபது கிலோமீட்டருக்கு மேல். எளிதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்திருக்கும். பச்சையில் கால் ஊன்றியவர் அடுத்த நாளே நீலத்துக்கு மாறலாம். அந்த ‘நடுப்படி’ குல்மார்க்கில் மெலிவு. புல்வெளியிலிருந்து கோங்டூரிக்கு ஏறினால் ஒரேயடியாகத் தொடையைப் பதம் பார்க்கிறது. நான் குல்மார்க்கில் மூன்று நாளில் சறுக்கிய தூரத்தைக் குடாவுரியில் ஒரு முற்பகலில் சறுக்கியிருப்பேன்.

குடாவுரிக்கும் ஒரு குறை உண்டு. சரிவுகளில் மரமே கிடையாது. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. நான்காம் நாள் காலை காலில் மாட்டிய ஸ்கீ பலகையின் முனை எனக்கே தெரியவில்லை. சரிவு மேலே போகிறதா கீழே போகிறதா என்பது வயிற்றில்தான் தெரிந்தது. காற்று பலத்தால் மேல் லிஃப்ட்களை நிறுத்தியும்விடுவார்கள். கோங்டூரிப் பக்கம் ஊசியிலை மரங்கள் இருப்பதால் பனி கொட்டும்போதும் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். அந்த வகையில் குல்மார்க் மேல்.

இனி காசு. இருவர் அறையையும் வண்டியையும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு வந்த செலவு இது. என் நோட்டுப் புத்தகத்திலிருந்து தோராயமாக. குல்மார்க்கில், சென்னையிலிருந்து ஸ்ரீநகர் போய்வர விமானம் 20,000. ஹீட்டர் உள்ள சுமாரான அறையில் என் பங்கு 24,000. வண்டி 4,500. ஸ்கீ, பூட் வாடகை 5,000. பயிற்சியாளர் 12,500. லிஃப்ட், கொண்டோலா 6,000. சாப்பாடு, ஓயாத கஹ்வா டீ எல்லாம் 9,000. ஆக 81,000.

குடாவுரியில் விமானம் மட்டும் 48,000. அதுவும் வளைகுடா வழியாக, நடுராத்திரியில் மாறி. அறை அதே 24,000, ஆனால் அடுப்போடு கூடிய அபார்ட்மென்ட். வண்டி 6,500. வாடகைச் சாமான் 8,000. ஐந்து நாள் லிஃப்ட் பாஸ் 11,000. மச்சானோடு பகிர்ந்த பயிற்சியாளர் மூன்று நாளுக்கு 10,000. சாப்பாடு 9,000. விசா, இன்ஷூரன்ஸ் 3,500. ஆக 1,20,000. அந்நாட்டு நாணயத்தின் பெயர் லாரி. ஒரு லாரி நம் காசில் முப்பது ரூபாய்க்குச் சற்று மேல். திபிலிசியிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் போகும் அந்த மலைச்சாலையில் இன்னொரு வகை லாரியும் உண்டு, வரிசையாக நின்றுகொண்டு. மனைவிக்கு அனுப்பிய "200 லாரி ஆச்சு" என்ற செய்திக்கு "எதுக்கு அவ்வளவு லாரி?" என்று பதில் வந்தது.

வித்தியாசம் 39,000. இதோடு நிறுத்தினால் குல்மார்க்தான். இப்போது மச்சான் சொன்னபடி வகுக்கிறேன். குல்மார்க்கில் ஐந்து பகலில் எனக்குக் கிடைத்தது மூன்று. ஒரு நாள் அடிவார ஊரான டங்மார்க்கிலேயே போனது. அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர்தான், ஆனால் பனி கொட்டிவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டியோ சங்கிலி மாட்டிய வண்டியோதான் ஏற முடியும். ஸ்ரீநகர் டாக்ஸியை அனுப்பிவிட்டு வேறு வண்டிக்குக் காத்திருந்தோம். இன்னொரு நாள் முழுக்கப் பனிப்பொழிவு. அதற்கு முந்தின வாரமே எடுத்துவைத்த கொண்டோலா டிக்கெட்டின் பணம் திரும்பி வரும், நாள் திரும்பி வராது. 81,000-ஐ மூன்றால் வகுத்தால் நாளுக்கு 27,000. குடாவுரியில் வெள்ளை மேகத்துக்கு ஒரு நாள் போக நான்கு கிடைத்தது: நாளுக்கு 30,000. முப்பத்தொன்பதாயிரம் இடைவெளி மூவாயிரமாகச் சுருங்கிவிட்டது. மச்சான் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் என் கணக்கு இன்னும் மோசம். துபாயிலிருந்து திபிலிசி மூன்றரை மணி நேரம். வளைகுடா நாட்டு ரெசிடென்ஸ் அட்டை இருப்பதால் ஜார்ஜியாவுக்கு விசாவும் கேட்பதில்லை. அவர் தொண்ணூறாயிரத்தில் முடித்தார். போதாததற்கு, புறப்படுமுன் மால் ஆஃப் எமிரேட்ஸுக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் இரண்டு மாலை பழகிவிட்டு வந்திருந்தார். 2005-இல் திறந்த அந்தக் கூரைக்குள் மிக நீளமான சரிவே 400 மீட்டர்தான். ஆனால் விழுந்து எழும் முதல் நாளை அங்கேயே கழித்துவிட்டதால், குடாவுரியில் அவருக்கு ஒரு நாள் மிச்சம்.

ஒரே ஆண்டு அனுபவத்தை வைத்து மூன்று, நான்கு என்று வகுப்பது சரியா என்று கேட்கலாம். சரியில்லைதான். 2024-இல் குல்மார்க்கில் ஜனவரி கடைசி வரை பனியே விழாமல் பழுப்புப் புல் தெரிந்தது. அந்த மாதம் போனவர் எதால் வகுப்பார்? அதனால்தான் தேதியை விலை பார்த்துப் போடக்கூடாது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலமான சில்லாய் கலான் முடிந்து, பிப்ரவரி முதல் பாதியில் போவது குல்மார்க்குக்கு நல்லது. குடாவுரியில் புத்தாண்டு தொடங்கி ஜனவரி 7 ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ், 14 பழைய நாட்காட்டிப் புத்தாண்டு வரை கூட்டமும் வாடகையும் உச்சம். அது வடிகிற நேரத்தில் நமக்குப் பொங்கல் விடுமுறை வருகிறது. ஆபீஸில் கேட்க வேண்டிய லீவு நாலைந்து நாள் குறையும்.

செலவில் சேராத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பூட். குல்மார்க்கில் முதல் நாள் குளிருக்குப் பயந்து கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி மாட்டினேன். வாடகைக் கடைப் பையன் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்தான், நானும் ‘வசதியா இருக்கு’ என்று வாங்கிக்கொண்டேன். மதியத்துக்குள் கணைக்கால் எலும்பில் தோல் உரிந்தது. கால் உள்ளே ஆடியதால் ஸ்கீ சொன்ன பேச்சு கேட்கவில்லை. பூட் என்றால் நேராக நிற்கும்போது பெருவிரல் முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அளவு சென்டிமீட்டரில்: பாதம் 26.5 என்றால் 26.5. சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை. கடைக்காரர் உங்கள் எடை, உயரம் கேட்காமல், பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டித் தந்தால் வேறு கடை பாருங்கள். விழும்போது ஸ்கீ கழன்றுவிட வேண்டும், அந்த இறுக்கத்தை எடை பார்த்துத்தான் வைப்பார்கள். ஜாக்கெட்டுக்கு ஆயிரங்களைக் கொட்ட வேண்டாம். திருப்பூர் தெர்மல் உள்ளாடை இரண்டு செட், மேலே தண்ணீர் புகாத பேண்ட், கோட் போதும். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. புதியவரின் கை நாள் முழுக்கப் பனியில்தான் இருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள். காஷ்மீரில் வெளிமாநில பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். கொண்டோலா டிக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஜார்ஜியாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டாயம். அங்கே கேட்கிறார்களோ இல்லையோ, பாலிசியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வரி தேடிப் பாருங்கள். நம்மூர்ப் பயண பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். சைவம் சாப்பிடுபவருக்கு இரண்டிலும் பட்டினி இல்லை. காஷ்மீரில் ராஜ்மா சாதம். ஜார்ஜியாவில் ராஜ்மா வைத்த லோபியானி ரொட்டி, பாலாடைக்கட்டி வைத்த கச்சாபுரி. நாங்கள் புளிக்காய்ச்சல் டப்பா ஒன்றும் கொண்டுபோயிருந்தோம், அது மூன்றாம் நாளே காலி.

உத்தராகண்டின் ஔலியை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: சாய்வு அருமை, எதிரே நந்தாதேவி. ஆனால் ஜோஷிமட்டில் நிலம் புதைந்ததை ஒட்டி 2023 ஜனவரியில் ரோப்வேயை மூடினார்கள், ரிஷிகேஷிலிருந்து சாலையில் 250 கிலோமீட்டருக்கு மேல், பனியும் சில ஆண்டு ஏமாற்றிவிடும். வகுப்பதற்கான எண் பூஜ்யமாகும் அபாயம் அங்கேதான் அதிகம்.

நேரம் இருந்து பணம் இல்லாதவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, குல்மார்க்கில் 1968 முதல் இருக்கும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு நிறுவனத்திலோ மணாலியின் மலையேற்ற நிறுவனத்திலோ பயிற்சிக்குச் சேரட்டும். தங்கல், உணவு, சாமான், ஆசிரியர் எல்லாம் அடங்கிய கட்டணம். காலையில் விசில் ஊதி எழுப்புவார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே சிவப்புப் பாதையில் இறங்கத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு குல்மார்க் போகலாம், வழிகாட்டியும் பனிச்சரிவுக் கருவிகளும் சகிதம். அந்தப் பனியை அந்த விலைக்கு ஐரோப்பாவில் தரமாட்டார்கள். கைக்குழந்தை போல முதல் அடி வைப்பவருக்கு, ஆறு நாள் லீவுதான் என்றால், என் ஓட்டு குடாவுரிக்கு.

அடுத்த ஜனவரி 15-க்கு மச்சான் அறை பிடித்துவிட்டார். என் டிக்கெட் இன்னும் 52,000-இல் நிற்கிறது. "குறையுமான்னு பாக்குறேன் மச்சான்" என்றேன். "எதால வகுக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.